‘அனாலிசிஸ் பண்ணியாச்சு’ என்றால் என்ன பண்ணியிருக்கிறோம்?

சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு புராஜெக்ட்களில் பாதிக்குப் பாதி ஒரே தலைப்புதான்: ‘ஜி+4 அடுக்குமாடிக் குடியிருப்பின் அனாலிசிஸ் அண்ட் டிசைன்’. ஜி+4 என்றால் தரைத்தளமும் மேலே நான்கு மாடியும். ஸ்டாட் ப்ரோ, ஈடேப்ஸ் போன்ற சாப்ட்வேரில் கட்டடத்தை வரைந்து, லோடு கொடுத்து, ரன் பட்டனை அழுத்தி, சிவப்பு எதுவும் வரவில்லை என்றால் ‘அனாலிசிஸ் முடிஞ்சிடுச்சு’ என்பார்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் யாராவது ‘இந்தத் தூணில் எவ்வளவு லோடு வருது?’ என்று கேட்டால், அறிக்கையில் 143-ஆம் பக்கத்தைத் தேடுவார்கள்.

வீடு கட்டுகிறவர்களும் இந்தச் சொல்லை இஷ்டத்துக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். மண் பரிசோதனை, பிளான், கம்பி விவரம் எல்லாமே அவர்களுக்கு ‘டிசைன்’. ஒரு கட்டடத்தைப் பகுப்பாய்வு செய்வது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது, அதில் கணினி செய்வது எது, மாணவர் செய்ய வேண்டியது எது என்று அடியிலிருந்து பார்க்கலாம். கணக்கு வரும், ஆனால் பெருக்கலைத் தாண்டாது.

அனாலிசிஸ் வேறு, டிசைன் வேறு

கட்டடத்தின் மேல் வருகிற எடை, காற்று, நில அதிர்வு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் லோடு. இந்த லோடு வந்தால் தூண்களை இணைக்கும் ஒவ்வொரு பீமிலும், ஒவ்வொரு தூணிலும் உள்ளே எவ்வளவு விசை உருவாகிறது, எவ்வளவு வளைகிறது என்று கண்டுபிடிப்பது அனாலிசிஸ். அந்த விசையைத் தாங்க எவ்வளவு பெரிய கான்கிரீட், எத்தனை கம்பி வேண்டும் என்று முடிவு செய்வது டிசைன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. விசையைக் கண்டுபிடிக்கத் தூணின் அளவு தெரிய வேண்டும். அளவை முடிவு செய்ய விசை தெரிய வேண்டும். அதனால் அனுபவத்தில் ஓர் அளவை வைத்துக்கொண்டு தொடங்கி, விடையைப் பார்த்து மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள். முதல் ஓட்டத்திலேயே எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று ஒரு புராஜெக்ட் அறிக்கை சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

பல்லக்கும் தோள்களும்

கோயில் புறப்பாட்டில் சுவாமியைத் தூக்கி வருகிற ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தண்டின் நடுவில் எடை, இரு முனையிலும் ஆளுக்கொருவர் என்று வையுங்கள். ஆளுக்குப் பாதி. எடை ஒருவர் பக்கம் நகர்ந்தால் அவருக்குக் கூடுதல். யார் உயரம், யார் பலசாலி என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இப்போது அதே தண்டுக்கு அடியில் ஆறு பேர் நிற்கட்டும். யார் தோளில் எவ்வளவு? எடை இருக்கும் இடத்தை மட்டும் வைத்து இனிச் சொல்ல முடியாது. உயரமானவர் தோளில் தண்டு முதலில் அழுத்தும், அவருக்குச் சுமை அதிகம். குட்டையானவர் கையைக் கொடுத்துக்கொண்டு நடந்தாலும் அவர் தோளில் எடை இறங்கியே இருக்காது. ஒருவர் கால் பள்ளத்தில் இறங்கினால் அவர் பங்கு அந்த நிமிடமே பக்கத்திலிருப்பவர்களுக்குப் போய்விடும். தண்டு மூங்கில் போல வளைந்தால் ஒரு மாதிரி, இரும்பு போல விறைப்பாக இருந்தால் வேறு மாதிரி.

கான்கிரீட் கட்டடம் இந்த ஆறு பேர் வகை. விசையைச் சமன் செய்யும் விதிகள் மட்டும் போதாமல், யார் எவ்வளவு விறைப்பாக இருக்கிறார் என்பதையும் சேர்த்தால்தான் விடை வரும் அமைப்பு. இதற்கு இண்டிடெர்மினேட் அமைப்பு என்று பெயர். ஓர் உறுப்பை ஒரு மில்லிமீட்டர் அசைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே அதன் விறைப்பு, ஸ்டிஃப்னஸ். விறைப்பானவர் பக்கமே சுமை போகும். ‘தூணைப் பெரிசாக்கினால் பாதுகாப்பு’ என்ற பேச்சு எல்லா இடத்திலும் பலிக்காததற்குக் காரணம் இது. ஒரே ஒரு தூணை மட்டும் பெரிதாக்கினால், பக்கத்துத் தூண்களின் பங்கையும் அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

விறைப்பு திசையைப் பொறுத்ததும்கூட. 300 மில்லிமீட்டருக்கு 450 மில்லிமீட்டர் தூண் ஒன்றை நீளவாக்கில் வளைப்பதற்கும் அகலவாக்கில் வளைப்பதற்கும் விறைப்பில் 2.25 மடங்கு வித்தியாசம். சுவருக்குள் மறையட்டும் என்று எல்லாத் தூண்களையும் ஒரே திசையில் நிறுத்தினால் கட்டடம் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்வாகவும் நிற்கும். 9 அங்குலச் சுவரோடு சமமாக இருக்கட்டும் என்று 230 மில்லிமீட்டர் தூண் வைக்கும் பழக்கம் இன்னமும் இருக்கிறது, நில அதிர்வைத் தாங்கக் கம்பி கட்டும் முறை பற்றிய இந்தியத் தர விதியான ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பு, அது பொருந்தும் கட்டடங்களில் தூணின் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது.

சுருக்கமாக: சுமை பூமிக்குப் போகிற வழியை விறைப்புதான் தீர்மானிக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிப்பதே அனாலிசிஸ்.

சாப்ட்வேர் உள்ளே என்ன செய்கிறது

ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில், கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி. ஸ்டில்ட்+4 என்பார்களே, அது. 16 மீட்டருக்கு 12 மீட்டர், நான்கு மீட்டருக்கு ஒரு தூண். மொத்தம் 20 தூண்கள், மாடி உயரம் 3 மீட்டர்.

பீமும் தூணும் சேருமிடம் ஒரு நோட். அடித்தளத்துக்கு மேலே ஐந்து மட்டங்கள், மட்டத்துக்கு 20 என்று 100 நோட்கள். ஒவ்வொரு நோடும் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். ஆக, தெரியாத எண்கள் 600. சாப்ட்வேர் 600 சமன்பாடுகளை எழுதி, இந்த லோடு வந்தால் ஒவ்வொரு நோடும் எவ்வளவு நகரும் என்பதை முதலில் கண்டுபிடிக்கிறது. நகர்வு தெரிந்ததும், விறைப்பால் பெருக்கி விசையை எடுக்கிறது. முதலில் நகர்வு, அப்புறம்தான் விசை. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கையால் செய்தால் மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. கணினிக்குச் சில நொடிகள். ஆனால் கூட்டல் கழித்தலைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது. அது சுவரா, தண்ணீர்த் தொட்டியா, அடியில் இருப்பது களிமண்ணா என்பதெல்லாம் நாம் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஒரே ஒரு தூணைக் கையால் போட்டுப் பார்ப்போம்

நடுவில் இருக்கும் ஒரு தூண். அது தன்னைச் சுற்றி நான்கு பக்கமும் பாதி தூரம் வரை உள்ள தளத்தைத் தாங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 4 × 4, பதினாறு சதுர மீட்டர். இந்தப் பங்குப் பரப்புக்கு ட்ரிபியூட்டரி ஏரியா என்று பெயர். அலகு கிலோ நியூட்டன். 10 கிலோ நியூட்டன் ஏறக்குறைய ஒரு டன் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கட்டடம் இருக்கிற வரைக்கும் இடம் மாறாத சுமை டெட் லோடு. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ நியூட்டன். தளம் 125 மில்லிமீட்டர் கனமென்றால் சதுர மீட்டருக்கு 3.1. டைல்ஸும் அதன் அடிக்கலவையும் 1. வந்து போகிற சுமை, அதாவது ஆட்களும் சாமான்களும், லைவ் லோடு. குடியிருப்பு அறைகளுக்கு ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி 2 என்கிறது. கூட்டினால் சதுர மீட்டருக்கு 6.1, பதினாறால் பெருக்கினால் 98.

அடுத்து சுவர். தூணின் பங்கில் எட்டு மீட்டர் நீள பீம், அதன் மேல் நாலரை அங்குலச் சுவர், 2.6 மீட்டர் உயரம். மீட்டருக்குச் சுமார் 6 வீதம் 48. தளத்துக்குக் கீழே தொங்கும் பீம் பகுதி 13, தூணின் சொந்த எடை 10. ஒரு மாடிக்கு 169. நான்கு மாடிக்கு 676. மொட்டை மாடியில் உள்சுவர் கிடையாது; ஓடு பதித்த மேற்பூச்சு 2, லைவ் லோடு 1.5 என்று வைத்தால் தூணோடு சேர்த்து 129 வரும். மொத்தம் 805 கிலோ நியூட்டன், சுமார் 80 டன்.

இந்த 805-இல் லைவ் லோடு எவ்வளவு என்று பாருங்கள். மாடிக்கு 32 வீதம் நான்கு, மொட்டை மாடியில் 24, கூட்டினால் 152. ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. கட்டடம் பெரும்பாலும் தன்னைத்தானே சுமந்துகொண்டு நிற்கிறது. சுவர் மட்டும் 192, ஏறக்குறைய கால் பங்கு. மாடலில் சுவர் லோடு கொடுக்க மறந்துவிட்டால் சாப்ட்வேர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடும், பச்சையாகவே காட்டும். தூணில் கால் பங்கு சுமை காணாமல் போயிருக்கும். புராஜெக்ட்களில் இதைவிட அதிகமாக நடக்கும் தவறு எது என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது.

சாப்ட்வேர் இந்தத் தூணுக்கு 780-லிருந்து 900-க்குள் ஏதாவது காட்டினால் நிம்மதியாக மேலே போகலாம். 610 என்றால் சுவரைத் தேடுங்கள். 1,600 என்றால் ஏதோ ஒரு லோடு இரண்டு முறை ஏறியிருக்கிறது.

டிசைனுக்குப் போகும்போது இதை 1.5-ஆல் பெருக்குவார்கள், சுமார் 1,210 ஆகும். லோடு கணித்ததைவிடக் கூடலாம் என்பதற்கான ஒதுக்கீடு அது.

பக்கவாட்டிலிருந்து வருவது

கீழ்நோக்கி வரும் எடை வீட்டுக்காரருக்கும் புரியும். குழப்பம் தொடங்குவது நில அதிர்வில். ‘நம்ம ஊர்லதான் பூகம்பமே வராதே’ என்பது ஒரு ரகம். ‘ரிக்டர் 8 வந்தாலும் கீறல் விழாது’ என்று விற்பவர் இன்னொரு ரகம்.

நில அதிர்வு விசைக்கான விதி ஐ.எஸ். 1893. அதன் 2016 பதிப்பில் சென்னை மூன்றாம் நில அதிர்வு மண்டலம். அதற்கான மண்டல எண் 0.16. நிலம் நகரும்போது கட்டடத்தின் எடை பின்தங்குகிறது; அதன் விளைவை எடையின் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளுவது போலக் கணக்கில் எடுக்கிறார்கள். மண்டல எண்ணில் பாதி 0.08. இந்த உயரக் கட்டடம் நில அசைவை 2.5 மடங்கு பெருக்கிக்கொள்ளும், 0.2 ஆகிவிட்டது. அதாவது எடையில் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு அதை 5-ஆல் வகுக்கிறார்கள். மிச்சம் 0.04, எடையில் 4 சதவீதம்.

இந்த வகுத்தல் எதற்கு? எப்போதோ வரும் ஒரு பெரிய அதிர்வுக்குக் கீறல்கூட விழாமல் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் விதி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது: கட்டடம் வளையலாம், வெடிப்பு விடலாம், ஆனால் உள்ளே இருப்பவர்கள் மேல் விழக் கூடாது. உடையாமல் வளைந்துகொடுக்கும் இந்தக் குணம்தான் டக்டிலிட்டி. அதைக் கொடுப்பது கம்பி கட்டும் முறை. தூணைச் சுற்றிப் போடும் ரிங்கின் முனைகள் 90 பாகையில் மடிக்கப்பட்டிருந்தால், மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் பிரிந்துகொள்ளும். 135 பாகையில் உள்ளே மடக்கி, குறைந்தது 65 மில்லிமீட்டர் வால் விட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 13920. மாணவர் சாப்ட்வேரில் 5 என்று தட்டும்போது, கம்பி வளைக்கும் பார்பெண்டர் ஒவ்வொரு ரிங்கையும் இப்படி மடக்குவார் என்று அவர் சார்பில் வாக்குக் கொடுக்கிறார். சைட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்த வாக்கு எத்தனை இடத்தில் காப்பாற்றப்படுகிறது என்று தெரியும்.

நம் கட்டடத்தின் எடை சுமார் 9,000 கிலோ நியூட்டன். அதில் 4 சதவீதம் 360. இருபது தூணுக்கும் பிரித்தால் ஆளுக்கு 18. எண்பது டன்னைத் தூக்கி நிற்கும் தூணுக்கு இரண்டு டன்கூட வராத தள்ளல் ஒரு விஷயமா என்று தோன்றும். ஆனால் இது தூணை நசுக்கவில்லை, வளைக்கிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது மொமென்ட். வளைக்கும் திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் தூணில் பாதி உயரத்தால் பெருக்கினால் 27 கிலோ நியூட்டன் மீட்டர். வளையும்போது தூணின் ஒரு பக்கம் இழுபடும், கான்கிரீட்டுக்கோ இழுவை ஆகாது. கம்பி அதற்காகத்தான்.

காற்றும் சளைத்ததல்ல. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். திருத்தக் காரணிகள் எதுவும் சேர்க்காமல் பார்த்தாலே சுவரின் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் அழுத்தம். காற்றும் நில அதிர்வும் ஒரே நேரத்தில் உச்சத்தில் வரும் என்று விதி கருதுவதில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, எது பெரிதோ அதற்குக் கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டிக் கொடுத்துவிட்டு ‘சேஃப்டிக்காக’ என்று சொல்லும் அறிக்கைகளும் உண்டு.

இதுவரை பார்த்ததில் கைக்கொள்ள வேண்டியது: கீழ்நோக்கிய சுமை தூணை நசுக்குகிறது, பக்கவாட்டு விசை வளைக்கிறது, ஒரு தூண் இரண்டையும் ஒரே சமயத்தில் தாங்க வேண்டும்.

ஸ்டில்ட் பார்க்கிங், மாடலில் மறைந்துபோகும் ஆபத்து

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் நில அதிர்வு. மையப் புள்ளியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழே கார் நிறுத்தத்துக்காகச் சுவரில்லாமல் விட்டவை.

காரணம் மேலே பார்த்த விறைப்புதான். மேல் மாடிகளில் தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் இருக்கிறது. எடைதானே என்று நாம் நினைக்கும் அந்தச் சுவர், பக்கவாட்டில் தள்ளும்போது மூலைக்கு மூலை முட்டுக் கொடுத்து மாடியை விறைப்பாக்குகிறது. தரைத்தளத்தில் அது இல்லை. மேலே நான்கு மாடியும் ஒரே பெட்டி போல நகர, வளைவு முழுவதும் கீழே இருக்கும் அந்த ஒரே மாடியின் தூண்களில் வந்து குவிகிறது. ஒரு மாடி மட்டும் மற்றவற்றைவிடத் தளர்வாக இருக்கும் இந்த நிலைக்கு சாஃப்ட் ஸ்டோரி என்று பெயர்.

மாணவர் மாடலில் சுவர் எப்படி வருகிறது? பீமின் மேல் மீட்டருக்கு இத்தனை கிலோ நியூட்டன் என்று வெறும் எடையாக. விறைப்பு சேர்வதே இல்லை. கணினிக்கு எல்லா மாடியும் ஒரே மாதிரிதான். சாஃப்ட் ஸ்டோரி ரிசல்ட்டில் தெரியவே தெரியாது, எல்லாம் பச்சை. கட்டடத்தில் இருக்கும் மிகப் பெரிய பலவீனம் மாடலில் இல்லை என்பதால் சாப்ட்வேர் அதைப் பற்றி வாயே திறக்காது. ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு, சுவரை ஒரு மூலைவிட்ட முட்டாக மாடலில் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். இதை ஒரு முறை சேர்த்தும் ஒரு முறை சேர்க்காமலும் ஓட்டி, தரைத்தளத் தூண்களின் மொமென்டை ஒப்பிட்டாலே ஓர் உருப்படியான புராஜெக்ட் ஆகிவிடும். மாடி எண்ணிக்கையை மட்டும் மாற்றி எழுதும் இருநூறு பக்கங்களைவிட அது மேல்.

1978-இல் ஒரு இளங்கலை ஆய்வு

நியூயார்க்கில் 1977-இல் கட்டி முடிக்கப்பட்ட சிட்டிகார்ப் சென்டர் 59 மாடி. மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால், கட்டடத்தைத் தாங்கும் ராட்சதத் தூண்கள் நான்கு மூலைகளில் இல்லாமல் நான்கு பக்கங்களின் நடுவில் நின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவி டயேன் ஹார்ட்லி தன் இளங்கலை ஆய்வுக்கு இந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டார். காற்று முகத்துக்கு நேராக அடித்தால் என்ன ஆகும் என்பதோடு நிற்காமல், மூலையில் சாய்வாக அடித்தால் என்ன என்றும் கணக்கிட்டார். விசை கூடுதலாக வந்தது. வடிவமைத்த நிறுவனத்தில் கேட்டபோது கட்டடம் பத்திரமானது என்று பதில் வந்தது.

அதே ஆண்டு, தலைமைப் பொறியாளர் வில்லியம் லெமெஷுரியர் தானே மறுபடி கணக்குப் போட்டார். அவர் சொன்ன எண்கள்: சாய்வுக் காற்றில் சில எஃகுச் சட்டங்களில் 40 சதவீதம் கூடுதல் விசை, அவற்றின் இணைப்புகளில் 160 சதவீதம் கூடுதல். இணைப்புகளோ வெல்டிங்குக்குப் பதிலாக போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தன. ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகு, இரவுகளில், எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் சரிசெய்தார்கள். வெளியுலகுக்கு இது தெரிந்தது 1995-இல்.

ஹார்ட்லியின் கணக்கு பெரிய கணினி வேலை இல்லை. காற்று எந்தத் திசையிலிருந்து வரலாம் என்ற கேள்விதான் அதில் முக்கியம். நம் ஸ்டில்ட் கட்டடத்தில் சுவரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்பதும் அந்த வகைதான்.

ரிசல்ட்டை நம்புவதற்கு முன்

ஓட்டி முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அடித்தளங்களில் வரும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை. இதற்கு ரியாக்‌ஷன் என்று பெயர். மேலிருந்து கொடுத்த லோடு முழுவதும் கீழே வந்து சேர்ந்திருக்க வேண்டும். நம் கட்டடத்தில் டெட் லோடு மட்டும் கொடுத்தால் ஏறத்தாழ 9,000 வர வேண்டும். 5,000 வந்தால் மேற்கொண்டு ஒரு பக்கம்கூடப் புரட்ட வேண்டாம்.

அடுத்து, கட்டடம் வளையும் விதத்தை அனிமேஷனில் ஓட விட்டுப் பாருங்கள். ஒரு பீம் மட்டும் தனியாகத் தொங்கினால் அது தூணோடு சேரவேயில்லை. வரையும்போது நோட் சில மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கும். பார்ப்பதற்குச் சேர்ந்த மாதிரியே இருக்கும், அதுதான் வம்பு. பக்கவாட்டு விசையில் ஒரு மாடி அடுத்த மாடியைவிட எவ்வளவு நகர்கிறது என்பது ஸ்டோரி டிரிஃப்ட். மாடி உயரத்தில் 0.004 பங்குக்கு மேல் போகக் கூடாது. 3 மீட்டருக்கு 12 மில்லிமீட்டர். எல்லா மாடியிலும் 3, 4 மில்லிமீட்டர் இருந்து தரைத்தளத்தில் மட்டும் 11 என்றால் விதிப்படி தேர்ச்சிதான், ஆனால் அங்கே சாஃப்ட் ஸ்டோரி எட்டிப் பார்க்கிறது. அறிக்கையில் எழுத வேண்டிய இடம் அது.

தூணின் அடியை மாடலில் அசையாத பிடிப்பாகக் கொடுப்பது வழக்கம். தரைக்கு அடியில் பாறை என்றால் சரி. களிமண் என்றால் தூண் அடியில் கொஞ்சம் திரும்பும், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கும். பள்ளத்தில் கால் வைத்தவர் கதைதான். மண் பரிசோதனை அறிக்கை கையில் இல்லாமல் இதில் எது பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் புராஜெக்ட்டுக்குக் கட்டடம் தேடும்போது பிளானோடு சேர்த்து அந்த அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். பிளானைக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் இதையும் கொடுத்துவிடுவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.